கஷ்டமான வாக்கியங்கள் அவருக்கு

ரப்பர் விலை விழுந்த சமயத்தில், ரயில்வேயில் கிராணிகள் என்கிற குமாஸ்தாக்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள் என்று துரைமார்களுக்குத் தோன்றிவிட்டது. கோலாலம்பூரில் யாரை வைத்துக்கொள்வது, யாரைப் பகாங் பக்கத்துக் காட்டு ஸ்டேஷன்களுக்குத் தள்ளுவது என்று தீர்மானிக்க அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இங்கிலீஷ் பரீட்சை. அதில் கடிதம் கொஞ்சம், கட்டுரை கொஞ்சம். மீதி முழுக்க, கீழ்க்காணும் வாக்கியங்களில் உள்ள பிழையைத் திருத்தி எழுதவேண்டும்.

என் கணவர் கூட்ஸ் ஷெட்டில் கிராணி. எந்த வண்டியில் எந்தத் தோட்டத்து ரப்பர் ஏறியது, எந்தப் பெட்டி நனைந்து போனது, அதற்கு எந்த ஸ்டேஷன் பதில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பரீட்சையில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. ஒரு பிரபு தன் குடையைப் பற்றிப் பேசும்போது இலக்கணம் தவறிவிட்டார், அதைத் திருத்து என்பார்கள். பனியில் சறுக்கி விழுந்த சீமாட்டியும் அவளுடைய சகோதரிகளும் ஒருமையா பன்மையா என்பார்கள். கூட்ஸ் ஷெட்டுக்கு அந்தப் பிரபு ஒரு நாளும் வந்ததில்லை. பனியும் வந்ததில்லை. ஆனாலும் அந்தக் குடையைச் சரிசெய்யத் தெரியாதவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கத் தகுதியில்லாதவன் என்று ஏற்பாடாகிவிட்டது.

அந்தக் காட்டு ஸ்டேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே நான் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவளுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. காய்ச்சல் ஏறினால் கை கால் இழுத்துக்கொள்ளும். ஒரு முறை அப்படி ஆனபோது ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் சொன்னதை நான் தினமும் நினைத்துக்கொள்வேன். காட்டு ஸ்டேஷனில் ஆஸ்பத்திரி கிடையாது. கொசுவும் கொயினா மாத்திரையும் உண்டு. ஆகவே பிரபுவின் குடையில் என் மகளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகை இல்லை. மிகையோ என்று இப்போது சந்தேகமாகவும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

நான் கிள்ளானில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அங்கே பிழை திருத்தத்தில் எனக்குத்தான் எப்போதும் நல்ல மார்க்கு. எதைப் பார்த்தாலும் இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நினைக்கிறவளுக்கு அது பொருத்தமான பாடம். விடையை எழுதிவிட்டு, சந்தேகப்பட்டு அழித்து, மறுபடி யோசித்து, முதலில் எழுதியதையே எழுதுவேன். என் தாள் எப்போதும் சற்றுக் கிழிந்திருக்கும். கல்யாணம் ஆன பிறகு அந்தப் படிப்புக்கு வேலையில்லை. பிழை திருத்துவதெல்லாம் ரயில்வே குவாட்டர்ஸ் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தால் அதிகம் என்பார்கள், தேய்க்காவிட்டால் ஏன் தேய்க்கவில்லை என்பார்கள். அவர்கள் திருத்தாமல் விட்ட வாக்கியம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

என் கணவர் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்று கப்பலேறியவர். மற்ற இங்கிலீஷெல்லாம் ஷெட்டில் காதால் கேட்டுப் படித்தது. ஆகவே பரீட்சை அறிவிப்பு வந்ததும் பழைய கேள்வித்தாள்களை ஆபீஸிலிருந்து வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, "சும்மா பாரு. உனக்கும் பொழுது போகும்" என்றார்.

மாலையில் அவர் வேலை முடிந்து வந்ததும் பாடம் ஆரம்பித்தோம். நான் கேட்பேன், அவர் சொல்வார், நான் திருத்துவேன். இரண்டு நாள் அப்படி நடந்தது. மூன்றாம் நாள் அவர் வந்து கோப்பியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குவாட்டர்ஸ் ஒரே நீளமான கட்டடம். வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான் தடுப்பு; அந்தப் பலகையும் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். அடுத்த வீட்டில் பார்சல் ஆபீஸில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவருக்கும் அதே பரீட்சை. அன்று ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது அவர் எல்லார் முன்னாலும் என் கணவரிடம், "என்ன தம்பி, நேத்து டீச்சரம்மா ரொம்ப கண்டிப்பு போல. பெஞ்சு மேல ஏத்தாம விட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"அவரு வேடிக்கைக்குச் சொல்லியிருப்பாரு" என்றேன்.

"அத்தனை பேரும் சிரிச்சானுங்க. தண்டவாளம் மாத்தற பாயிண்ட்ஸ்மேன்கூட சிரிக்கிறான்."

"அப்ப படிக்க வேணாமா?"

"படிக்கணும். ஆனா நான் படிக்கிற மாதிரி இருக்கக்கூடாது."

அதற்கு அவரே ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தார். பகலில் நான் தாளைப் பார்த்து விடைகளையெல்லாம் சிலேட்டில் எழுதி வைக்கவேண்டும். மாலையில் அவர் நாற்காலியில் சிலேட்டோடு உட்கார்ந்து கேள்வி கேட்பார். நான் கீழே பாயில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும். அவர் எனக்குச் சொல்லிக் கொடுப்பதாக அடுத்த வீடு நினைத்துக்கொள்ளும். கேட்டுக் கேட்டு, சிலேட்டைப் பார்த்துப் பார்த்து, அவருக்கும் பாடமாகிவிடும்.

"எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்லிடாத" என்றார். "அப்புறம் நான் எதுக்கு?"

"எதுக்குத் தப்பா சொல்லணும்?"

"கஷ்டமானதுக்கு. லேசானதுக்கு நீ சரியா சொல்லு. கஷ்டமானதுக்கு நீ தப்பா சொல்லு, நான் திருத்தறேன். அதானே பொருத்தம்?"

எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. புருஷன் மானம் காப்பது எப்படி என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் தனிப் பாடம் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றி வளைத்து அதைத்தான் சொன்னார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாலைதோறும் வகுப்பு நடந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கூரை வரைக்கும் கேட்கும்படி வாக்கியத்தை வாசிப்பார். 'ஈச் ஆஃப் தி போர்ட்டர்ஸ் ஹாவ் கம்' என்பார். நான் சற்று நேரம் தடுமாறுவது போல் இருந்துவிட்டு, 'கம்'மை 'கேம்' ஆக்கவேண்டும் என்பேன்.

"தப்பு. எத்தனை தடவை சொல்றது உனக்கு? 'ஹாவ்'தான் தப்பு. 'ஹாஸ்' வரணும். ஒவ்வொருத்தனா வர்றான், புரியுதா?"

"புரியுதுங்க."

"என்ன புரியுது. மண்டையில ஏறினாத்தானே."

சிலேட்டில் இல்லாத இந்தக் கடைசி வரிகளையெல்லாம் அவராகச் சேர்த்துக்கொண்டார். நாளாக ஆகத் திருத்தத்தைவிடத் திட்டு நீளமாயிற்று. அவருக்கு அதில் ஒரு திறமை இருந்தது. பெரிய கிராணி அவரை ஆபீஸில் எப்படித் திட்டுவார் என்பது எனக்கு அந்த வகுப்புகளில்தான் தெரியவந்தது.

தப்பாகச் சொல்வதும் லேசான வேலை இல்லை. கூச்சமில்லாமல் சொல்லவேண்டும், நம்பும்படி சொல்லவேண்டும். சரியான விடை இன்னதென்று தெரிந்துகொண்டு, அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற தப்பான விடையைத் தேடி எடுக்கவேண்டும். பகலில் சோறு வடிக்கும்போது நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல தப்பு ஒன்று கிடைத்தால் மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

வகுப்பு நடக்கும்போது அடுத்த வீட்டில் சத்தமே இருக்காது. அண்ணனுக்கு ஓயாத இருமல். அந்த ஒரு மணி நேரம் மட்டும் இருமல் நின்றுவிடும். வகுப்பு முடிந்த சற்று நேரத்தில் அவர் மனைவி கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டு வந்து கொடுப்பார். நான் அவரை அக்கா என்பேன். வெகு வருஷம் கழித்து அப்போதுதான் முதல் பிள்ளை வயிற்றில். பாடம் நீண்ட நாட்களில் மீன் துண்டும் பெரிதாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பாசம் என்று நினைத்து நானும் கிண்ணத்தை வெறுமனே திருப்பாமல் ஏதாவது போட்டுக் கொடுத்தேன்.

பரீட்சை வந்தது. தாளைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. கேள்வி தயாரித்த துரை புதிதாக எதையும் யோசித்துத் தன்னைக் கஷ்டப்படுத்திக்கொள்ளவில்லை. பழைய தாள்களிலிருந்தே பொறுக்கிப் போட்டிருந்தார். பிரபுவும் குடையும் அப்படியே வந்திருந்தார்கள். போர்ட்டர்களும் ஒவ்வொருவராக வந்திருந்தார்கள்.

ஆபீஸ் வாசலில் முடிவை ஒட்டியபோது என் கணவர் தேறியிருந்தார். பார்சல் ஆபீஸ் அண்ணன் தேறவில்லை. எனக்கு முதலில் தோன்றியது சந்தோஷம். உடனே, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சந்தோஷப்படலாமா என்ற பயம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். கையில் கிண்ணம் இல்லை. அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரை உலுக் காட்டுப் பக்கம் போடறாங்களாம்" என்றார். "இன்னொரு தடவை எழுத விடுவாங்களாம். அதுலயும் போச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்க மருத்துவச்சிகூட கிடையாதாம் தங்கச்சி."

"எப்படிக்கா போச்சு? அண்ணன் நல்லாத்தானே படிச்சாரு?"

"நல்லாத்தான் படிச்சாரு. நீ சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதினாரு."

எனக்குப் புரியவில்லை. "நான் சொன்னதையா?"

"பின்ன? தினமும் சுவரோரமா பென்சிலோட உக்காந்து நீ சொல்றதைத்தானே எழுதிக்கிட்டாரு."

"அக்கா, அவரு திருத்தினாரே. நான் தப்பா சொன்னப்போ எல்லாம் சத்தமா திருத்தினாரே, கேக்கலையா?"

"உன் வீட்டுக்காரரா?" அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது கேட்டுச்சு. பாயிண்ட்ஸ்மேன் வீடு வரைக்கும் கேட்டுச்சு. அவரு கத்தினதை யாரு எழுதுவா? அவரு படிப்பு என்ன, உன் படிப்பு என்ன, குவாட்டர்ஸுக்கே தெரியுமே. நீ சரியா சொல்லியும் அந்த மனுஷன் இப்படிச் சத்தம் போடறாரே, இவ எப்படித்தான் பொறுத்துக்கிட்டு இருக்காளோன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிப்போம். அதுக்குத்தான் பெரிய துண்டா பாத்துப் போட்டேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பாடுபட்டு நாங்கள் நடத்திய நாடகத்தை ஒருவரும் நம்பவில்லை. நம்பியிருந்தால் அண்ணன் தேறியிருப்பார். என் மீது அவர்கள் வைத்த மதிப்புதான் அவர்களைக் கவிழ்த்துவிட்டது. நான் தேடித் தேடி எடுத்து வைத்த நல்ல தப்புகளையெல்லாம் அவர் பத்திரமாகக் கொண்டுபோய் துரையிடம் கொடுத்துவிட்டார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார், பிறகு மறுபடி சிரித்தார். கிளம்பும்போது, "அவருகிட்ட இதை எப்படிச் சொல்றது? உன் புருஷன்தான் பெரிய படிப்பாளின்னு சொல்லிடறேன். அது அவருக்கு லேசா ஜீரணமாகும்" என்றார்.

அப்படியே சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் என் கணவர் குவாட்டர்ஸின் பண்டிதர் ஆகிவிட்டார். பெண்சாதி சொன்னதை எழுதினவன் தோற்றான், புருஷன் சொன்னதை எழுதியிருந்தால் ஜெயித்திருப்பான் என்ற செய்தி ஆண்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவரை நிறுத்திச் சந்தேகம் கேட்டார்கள். பாயிண்ட்ஸ்மேன் சிரிக்கவில்லை.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது, என் கணவரும் நம்பிவிட்டதுதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ அந்த 'ஈச்' சமாசாரத்துல மட்டும் எப்பவும் தடுமாறுவ" என்றார். கேலி இல்லை, உண்மையான அக்கறையோடு சொன்னார். விடையை நான்தான் சிலேட்டில் எழுதி வைத்தேன் என்று வாய் வரை வந்தது. உடனே, ஒருவேளை எனக்கு நிஜமாகவே அதில் தடுமாற்றம் உண்டோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் பகலில் தாளை எடுத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

மறுபரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது அண்ணன் பென்சிலும் காகிதமுமாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இனி சுவர் எதற்கு என்று நினைத்திருக்கலாம். என் கணவர் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம், "நீயும் வந்து உக்காரு. உனக்கும் பிரயோஜனப்படும்" என்றார். அண்ணனுக்கு ஒரு பாய், எனக்கு ஒரு பாய். அக்கா தன் வீட்டிலேயே பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

அன்றைய விடைகளை நான் மத்தியானமே சிலேட்டில் எழுதி நாற்காலியில் வைத்திருந்தேன். அண்ணன் வந்த பரபரப்பில் நான் மோர் எடுக்க உள்ளே போனேன். போன நேரத்தில் என் மகள் சிலேட்டைப் பிடித்து இழுத்து, அதன் மேல் தவழ்ந்து, மீதியை நக்கியும் விட்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது அவள் வாயெல்லாம் வெள்ளை. சிலேட்டில் கருப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. என் கணவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, வாசிப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா தம்பி?" என்றார் அண்ணன்.

என் கணவர் கேள்வித்தாளை எடுத்து முதல் வாக்கியத்தை வாசித்தார். பிரபுவும் அவர் சகோதரர்களும் குடையைத் தேடுகிற வாக்கியம், இருப்பதிலேயே கஷ்டமானது. வாசித்துவிட்டு, வழக்கம்போல் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்றார்.

அண்ணனைப் பார்த்தேன். காகிதத்தை முழங்காலில் வைத்து, என் கணவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிந்ததோடு அவர் பாடத்தை மறந்துவிட்டார்; சிலேட்டும் இல்லாமல் அந்த வாயிலிருந்து வருவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். வழக்கப்படி நான் தப்பாகச் சொன்னால் திருத்த ஆளில்லை. வளையல் சத்தமும் நின்றிருந்தது. மருத்துவச்சி இல்லாத ஸ்டேஷன் எனக்கு ஞாபகம் வந்தது. சரியான விடையைச் சொல்லிவிட்டேன்.

"தப்பு" என்றார் என் கணவர்.

வேண்டுமென்றே சொல்லவில்லை. கஷ்டமான வாக்கியத்துக்கு நான் வாய் திறந்ததும் அந்தச் சொல் தானாக வந்து பழகிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "எத்தனை தடவை சொல்றது உனக்கு" என்று அடுத்ததையும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் திருத்தம் வரவேண்டும். அண்ணன் பென்சிலைக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டார்.

என் கணவர் சிலேட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார், அது அவரைப் பார்த்து வெள்ளை வாயோடு சிரித்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அவ்வளவு நாள் குடித்தனம் நடத்தியும் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. சற்றுச் சந்தோஷமாகவும் இருந்தது. அதை உடனே அடக்கிக்கொண்டேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார், குரல் இறங்கி.

நல்லா யோசித்தேன். யோசிக்க எனக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிறகு முதலில் சொன்னதையே, அதே சொற்களில், எழுத்து மாறாமல், சற்று மெதுவாக மறுபடி சொன்னேன்.

"ஆங். இப்பச் சொன்னது சரி" என்றார் என் கணவர்.

அண்ணன் எழுதப் போனவர் நிமிர்ந்து பார்த்தார். "முன்னயும் அதேதானே தம்பி சொன்னாங்க?"

"முன்ன சொன்னப்போ நம்பிக்கை இல்லாம சொன்னா. இங்கிலீஷுக்கு அது ஆகாது அண்ணே."

பலகைக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினார். அக்காவுக்கு இருமல் கிடையாது.

அண்ணன் பார்சல் ஆபீஸில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியவர். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லக்கூடியவர். என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், சுத்தமாக இருந்த சிலேட்டையும் பார்த்தார். அடுத்த வாக்கியத்துக்கு நான் முதல் தடவை சொன்னபோது மோரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார். "தப்பு" என்று கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டாம் தடவை சொன்னபோது எழுதினார். அதன் பிறகு எல்லா வாக்கியமும் அப்படியே நடந்தது. பிரபு, சீமாட்டி, போர்ட்டர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் இரண்டு முறை வந்து போனார்கள். நேரம் கொஞ்சம் அதிகம் பிடித்தது. ஆனால் மூன்று பேரின் மரியாதையும் கெடாமல் வேறு எப்படி நடத்தியிருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு மாலையும் அண்ணன் வந்தார். மறுபரீட்சையில் தேறினார். உலுவுக்குப் போகும் உத்தரவு கிழிந்தது. அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில். நான்தான் கூடப் போனேன்.

அதெல்லாம் பிறகு. மறுபரீட்சை முடிவு ஒட்டிய அன்று சாயங்காலம் அக்கா மீன் குழம்போடு வந்தார். இந்தத் தடவை கிண்ணம் இல்லை, சட்டியே வந்திருந்தது. என் கணவர் ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாருக்கு மீன் தலையை வைக்கச் சொல்லி அனுப்பினாரு" என்றார் அக்கா, அவருக்குக் கேட்கும்படி.

"அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் கை கழுவ எழுந்தார். அவர் போனதும் அக்கா குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உனக்கு எதை வைக்கட்டும்?" என்றார்.

"நடுத்துண்டு போதும்கா" என்றேன்.

"ஒண்ணா?"

சொல்லத் தயங்கினேன். அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்று பிறகு இரவெல்லாம் யோசிக்கவேண்டி வரும்.

"ரெண்டு" என்றேன்.